எண்களைக் காத்த மனிதர்: ஜான் போஸ்டெல்



ஃபைல் சிங்க் செய்யும் சாஃப்ட்வேரை லினக்ஸுக்கு பேக்கேஜ் செய்பவர்களுக்கு எது பெரிய தலைவலி தெரியுமா? கோடு இல்ல, கம்பைல் எரரும் இல்ல. இந்தப் பக்கம் ஒரு வெர்ஷன், அந்தப் பக்கம் வேற வெர்ஷன் இருப்பதுதான். ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் பழசா இருந்தா அது அந்த மெஷினோட பிரச்சினை. ஆனா சிங்க் சாஃப்ட்வேர் எப்பவும் ஜோடியாத்தான் வேலை செய்யும். லேப்டாப்ல புது உபுண்டு, சர்வர்ல அஞ்சு வருஷம் பழைய டெபியன்னு இருந்தா, நாம ஒரு முனையில செய்கிற ஒவ்வொரு அப்டேட்டும் இன்னொரு முனையை உடைக்கலாம்.

இரண்டு உதாரணம் பார்ப்போம். யூனிசன் என்ற சிங்க் டூல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் குழுவினரிடம் பிறந்தது. ரொம்ப நல்ல டூல். ஆனா பல வருஷமா அதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மேஜர் வெர்ஷன் இருக்கணும், அதாவது 2.40-க்கு 2.40, 2.48-க்கு 2.48. அது மட்டும் போதாது. அதை கம்பைல் செய்த ஓகேமல் கம்பைலரின் வெர்ஷன் மாறினாலும் சில நேரம் பேச்சு நின்றுவிடும். காரணம், டேட்டாவை ஒயரில் அனுப்ப ஓகேமல் மொழியின் உள் வடிவத்தையே அவர்கள் பயன்படுத்தினார்கள். மொழி தன் உள் வடிவத்தை மாற்றினால் யூனிசனும் மாறிவிடும். டெபியனில் பேக்கேஜ் பெயரிலேயே யூனிசன் வெர்ஷனையும் ஓகேமல் வெர்ஷனையும் சேர்த்து எழுத வேண்டிய நிலை வந்தது. 2022-ல் வந்த 2.52 வெர்ஷன்தான் தனியாக ஒரு வடிவத்தை வரையறுத்து இந்த முடிச்சை அவிழ்த்தது.

இன்னொரு பக்கம் ஆர்சிங்க். 1996-ல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் வெளியிட்டது. கனெக்ஷன் தொடங்கியதும் இரண்டு பக்கமும் தங்கள் புரோட்டோகால் எண்ணைச் சொல்லும். எது சின்னதோ அந்த எண்ணில் பேச்சு நடக்கும். 2008-ல் வந்த 3.0 வெர்ஷன் 30-ஆம் எண் புரோட்டோகால் பேசும். இன்றைய வெர்ஷன் அதைவிடப் பெரிய எண் வைத்திருந்தாலும், பழையதைப் பார்த்தால் 30-க்கு இறங்கி வரும். அவ்வளவுதான் விஷயம். ஆனா இந்த அவ்வளவுதானை யாராவது முன்கூட்டியே யோசித்திருக்கணும் இல்லையா?

இப்படி யோசிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நீண்ட தாடி, காலில் செருப்பு, மலையேறுவதில் ஆசை. பெயர் ஜொனாதன் புரூஸ் போஸ்டெல். எல்லோருக்கும் ஜான் போஸ்டெல்.

நாலு மெஷின், நாலு மொழி

போஸ்டெல் 1943 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவில் உள்ள ஆல்டடீனாவில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வேன் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னாளில் இன்டர்நெட்டின் தந்தைகளில் ஒருவர் என்று பெயர் பெற்ற விண்ட் செர்ஃப், முதல் ஆர்.எஃப்.சி. எழுதிய ஸ்டீவ் கிராக்கர், இரண்டு பேருமே அதே பள்ளி மாணவர்கள்தான். ஒரே பள்ளியிலிருந்து மூன்று பேர்! மூவரும் பிறகு யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஒரே லேபில் சேர்ந்தார்கள். போஸ்டெல் அங்கே 1966-ல் இளநிலைப் பட்டமும் 1968-ல் முதுநிலைப் பட்டமும் பொறியியலில் வாங்கினார். 1974-ல் கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம். ஆய்வுத் தலைப்பே கம்யூனிகேஷன் புரோட்டோகால்களை கிராஃப் மாடல் வைத்து ஆராய்வது பற்றித்தான்.

அவர் மாணவராக இருந்த லேப் லென் கிளைன்ராக்கின் லேப். 1969-ல் ஆர்பாநெட்டின் முதல் கணு அங்கேதான் வந்தது. அந்த வருஷ முடிவில் நாலு இடங்கள் இணைந்தன. அந்த நாலு மெஷின்களைப் பாருங்க. யு.சி.எல்.ஏ.வில் சிக்மா 7, ஒரு வேர்டுக்கு 32 பிட். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.டி.எஸ். 940, 24 பிட். சான்டா பார்பராவில் ஐ.பி.எம். 360, 32 பிட். யூட்டாவில் பி.டி.பி. 10, 36 பிட். எழுத்துக்களைக் குறிக்கும் முறையும் ஒன்றில்லை. ஒரு இடத்தில் ஆஸ்கி, இன்னொரு இடத்தில் எப்சிடிக்.

நம்ம காலத்துல வெர்ஷன் வேறன்னு புலம்புறோம். அவங்களுக்கு மெஷினே வேற, பிட் எண்ணிக்கையே வேற, எழுத்தே வேற. எல்லாரும் ஒரே கம்ப்யூட்டர் வாங்குங்கன்னு சொல்ல யாராலும் முடியாது. அதனால கம்பேட்டிபிலிட்டி அவர்களுக்குப் பின்னாடி சேர்க்கிற ஃபீச்சர் இல்லை, முதல் நாள் பிரச்சினையே அதுதான். போஸ்டெல் வளர்ந்தது இந்தச் சூழலில்.

ஒரு ஃபைலை எப்படி அனுப்புவது?

ஃபைல் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால், அதாவது எஃப்.டி.பி.யின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். ஐ.ஐ.டி. கான்பூரின் முதல் பேட்ச் மாணவர், அப்போது எம்.ஐ.டி.யில் இருந்தார். அடுத்த சில வருஷங்களில் பலர் கைபட்டு அது மாறிக்கொண்டே வந்தது. 1980-ல் புது நெட்வொர்க்குக்கு ஏற்ப அதைத் திருத்தியவர் போஸ்டெல். 1985 அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 959 தான் இன்றுவரை எஃப்.டி.பி.யின் அடிப்படை ஆவணம்.

அதில் உள்ள ஒரு சின்ன விஷயத்தை மட்டும் பார்ப்போம். சர்வர் தரும் ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. 1974-லேயே போஸ்டெல் இந்த எண்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தி ஒரு ஆர்.எஃப்.சி. வெளியிட்டார். முதல் இலக்கம் 2 என்றால் வேலை முடிந்தது. 3 என்றால் இன்னும் தகவல் வேண்டும். 4 என்றால் இப்போதைக்கு முடியவில்லை, பிறகு முயற்சி செய். 5 என்றால் முடியாது, அதையே திரும்பக் கேட்காதே. இரண்டாம் இலக்கம் எந்த வகையான விஷயம் என்பதைச் சொல்லும். மூன்றாம் இலக்கம் நுணுக்கம்.

இதுல என்ன பெருசுன்னு தோணுதா? யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷம் பழைய கிளையன்ட் ஒன்று இருக்கிறது. புது சர்வர், அந்த கிளையன்ட் கேள்விப்பட்டே இராத ஒரு புது எண்ணை அனுப்புகிறது. கிளையன்டுக்கு அந்த எண் தெரியாது. ஆனா முதல் இலக்கம் 4 என்று தெரியும். சரி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய்வோம் என்று அது சரியாக முடிவெடுக்கும். எதிர்காலத்தில் என்ன வரப்போகிறது என்று தெரியாமலே, அதற்கு எப்படி நடந்துகொள்வது என்று பழைய சாஃப்ட்வேருக்குச் சொல்லிவைத்த மாதிரி ஆச்சு. இமெயிலுக்காக 1982-ல் போஸ்டெல் எழுதிய எஸ்.எம்.டி.பி.யிலும் இதே முறை. நாம தினமும் பார்க்கிற 404 கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

டெல்நெட்டிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. 1983-ல் போஸ்டெலும் ரெனால்ட்ஸும் வெளியிட்ட வடிவத்தில், ஒரு பக்கம் ஒரு வசதியைக் கேட்கும், இன்னொரு பக்கம் சரி அல்லது முடியாது என்று சொல்லும். தெரியாத வசதி வந்தால் மறுத்துவிட வேண்டும், கனெக்ஷனை அறுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் எதுவுமே பொருந்தாவிட்டாலும், எல்லோருக்கும் தெரிந்த ஒரு எளிய டெர்மினல் இருக்கும், அதில் பேசிக்கொள்ளலாம். ஆர்சிங்க் சின்ன எண்ணுக்கு இறங்கி வருவதும் இதே புத்திதான்.

நோட்டில் எழுதிவைத்தவர்

புரோட்டோகால் எழுதுவதைவிட போஸ்டெல் அதிக காலம் செய்த வேலை ஒன்று உண்டு. அது கணக்குப்பிள்ளை வேலை. எந்த எண்ணை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதிவைப்பது.

1972 மே மாதம் அவர் ஒரு குட்டி ஆர்.எஃப்.சி. எழுதினார். எண் 349. சாக்கெட் எண்களைக் கொடுக்க ஒரே ஒரு ஆள் பொறுப்பாக இருக்கட்டும் என்பது யோசனை. அந்த ஆள் நானாக இருக்கலாமா என்று ஒரு கேள்விக்குறியோடு கேட்டிருந்தார். யாரும் போட்டிக்கு வரவில்லை. யாருக்குத்தான் அந்த வேலை பிடிக்கும்? அன்றிலிருந்து சாகும்வரை, 26 வருஷம் அந்த நோட்டு அவர் பொறுப்பில் இருந்தது. 1977-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில், மரீனா டெல் ரேயில், சேர்ந்தபோது நோட்டும் கூடவே போனது. பின்னாளில் அந்த வேலைக்கு ஐயானா என்று பெயர் வந்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் நெடுநாள் அது போஸ்டெலும் ரெனால்ட்ஸும் இன்னும் ஒரு சிலரும்தான்.

போர்ட் 21 எஃப்.டி.பி., 23 டெல்நெட், 25 மெயில். 1995 ஜூலையில் ஃபின்லாந்தில் டாட்டு யுலோனென் என்ற ஆராய்ச்சியாளர் எஸ்.எஸ்.ஹெச். எழுதி முடித்தார். 21-க்கும் 23-க்கும் நடுவில் 22 காலியாக இருந்தது. ஐயானாவுக்கு ஒரு மெயில் போட்டார். மறுநாளே ரெனால்ட்ஸிடமிருந்து பதில் வந்தது, 22 உங்களுக்கு என்று. ஃபார்ம் இல்லை, கட்டணம் இல்லை, கமிட்டி இல்லை. இன்று ஆர்சிங்க்கும் யூனிசனும் பெரும்பாலும் ஓடுவது அந்த 22 வழியாகத்தான்.

இந்த வேலையில் ஒரு கண்டிப்பும் இருந்தது. ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொரு பொருளுக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஐ.பி. வெர்ஷன் 4-க்கு அடுத்து ஏன் 6 வந்தது என்று யோசித்திருக்கீங்களா? நடுவில் 5 என்ற எண் ஸ்ட்ரீம் புரோட்டோகால் என்ற ஒரு சோதனை முயற்சிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அது பரவலாகப் பயன்படவே இல்லை. இருந்தாலும் எண் கொடுத்தது கொடுத்ததுதான். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒரு பழைய மெஷின் 5 என்று பார்த்ததும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது அல்லவா?

கூடவே ஆர்.எஃப்.சி.களின் எடிட்டரும் அவரே. வெளியான ஆர்.எஃப்.சி.யை யாரும் திருத்த முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் புது எண்ணில் புது ஆவணம். பழையது பழையபடியே இருக்கும். நாம இன்னைக்கு ரிலீஸ் டேக் போட்ட பிறகு அதை நகர்த்தக் கூடாதுன்னு சொல்றோமே, அதே கட்டுப்பாடுதான்.

ஒரே நாளில் மாறிய நெட்வொர்க்

ஆர்பாநெட் முதலில் பேசியது என்.சி.பி. என்ற புரோட்டோகால். வேறு வேறு நெட்வொர்க்குகளை இணைக்க அது போதவில்லை. 1974-ல் செர்ஃபும் பாப் கானும் டி.சி.பி.யை முன்வைத்தார்கள். அப்போது அது ஒரே கட்டி. பாக்கெட்டை வழி நடத்துவதும், தொலைந்ததைத் திரும்ப அனுப்புவதும் ஒன்றுக்குள் ஒன்று. 1977 ஆகஸ்டில் போஸ்டெல் ஒரு குறிப்பு எழுதினார். இந்த இரண்டு வேலையையும் கலப்பது தப்பு, நடுவழியில் உள்ள மெஷின்களுக்குத் தேவையானதைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1978-ல் அது பிரிந்தது. மேலே டி.சி.பி., கீழே ஐ.பி. அடுத்த வெர்ஷன் எண் 4. 1981 செப்டம்பரில் போஸ்டெல் எடிட்டராக இருந்து வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 791-ம் 793-ம் தான் அதன் இறுதி வடிவம். ஒவ்வொரு ஐ.பி. பாக்கெட்டின் முதல் நாலு பிட்டும் வெர்ஷன் எண். வேறு எதைப் படிப்பதற்கும் முன்னாடி, நீ எந்த வெர்ஷன் என்று கேட்டுவிட வேண்டும்.

சரி, புதுசு ரெடி. பழசில் ஓடிக்கொண்டிருக்கும் சுமார் 400 மெஷின்களை என்ன செய்வது? என்.சி.பி.யும் டி.சி.பி.யும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. இங்கே கம்பேட்டிபிலிட்டிக்கே வழியில்லை.

1981 நவம்பரில் போஸ்டெல் மாற்றத்துக்கான திட்டத்தை ஆர்.எஃப்.சி. 801 ஆக வெளியிட்டார். 1983 ஜனவரி 1 கடைசி நாள். அதற்கு முன் ஒரு வருஷம் இரண்டும் சேர்ந்து ஓடலாம். இரண்டு மொழியும் தெரிந்த சில மெஷின்கள் நடுவில் நின்று மெயிலையும் ஃபைலையும் மாற்றிக் கொடுக்கும். இடைக்காலப் பாலம். ஆனா பாலம் இருக்கிறது என்றால் நாம என்ன செய்வோம்? கடைசி வாரம்வரை அசையமாட்டோம். அங்கேயும் அதேதான். 1982 நடுவில் ஒரு நாள் முழுக்க என்.சி.பி.யை நெட்வொர்க்கில் நிறுத்திவைத்தார்கள். அலறல் கிளம்பியது. அதே வருஷம் பின்பகுதியில் இரண்டு நாள் நிறுத்தினார்கள். அப்போதுதான் பலருக்கு இது விளையாட்டில்லை என்று புரிந்தது. இன்னொரு பக்கம், எந்தெந்த மெஷின் டி.சி.பி. பேசுகிறது என்று டேவிட் ஸ்மால்பெர்க் என்பவர் சோதித்துப் பார்த்து, அந்தப் பட்டியல்கள் 1982 டிசம்பரிலிருந்து அடுத்தடுத்து ஆர்.எஃப்.சி.களாகவே வெளிவந்தன. பெயர் வெளியே தெரியும் என்றால் யாருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்தானே!

ஜனவரி 1 அன்று எல்லாம் வழுக்கிக்கொண்டு போகவில்லை. சில இடங்களுக்கு மேலும் சில மாதம் அவகாசம் தர வேண்டியிருந்தது. ஆனாலும் மாற்றம் நடந்தது. பழசோடு ஒத்துப்போக முடியாத மாற்றம் ஒன்று தவிர்க்க முடியாமல் வந்தால் அதை எப்படிச் செய்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. முன்கூட்டியே தேதி சொல், நடுவில் பாலம் போடு, யார் பின்தங்கி இருக்கிறார்கள் என்று அளந்து பார், ஒத்திகை நடத்து, பிறகு பாலத்தை எடு.

தாராளத்தின் விலை

போஸ்டெல் பெயர் சொன்னாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1980-ல் டி.சி.பி. ஆவணத்தில் அவர் எழுதிய ஒரு விதி. அனுப்பும்போது விதிப்படி கறாராக இரு, வாங்கும்போது கொஞ்சம் தாராளமாக இரு என்பது அதன் கருத்து. எதிர்முனையில் இருப்பவர் சின்னத் தவறு செய்திருந்தாலும் அர்த்தம் புரிந்தால் ஏற்றுக்கொள். அந்தக் காலத்தில் இந்த விதி இல்லாமல் இன்டர்நெட் வளர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி எழுதிய சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேசியது இதனால்தான்.

ஆனா இதற்கு ஒரு விலை உண்டு. அதையும் சொல்லித்தான் ஆகணும். வாங்குபவர் தப்பைப் பொறுத்துக்கொண்டே இருந்தால், அனுப்புபவருக்குத் தன் தப்பு தெரியவே தெரியாது. நாளடைவில் அந்தத் தப்பே எழுதப்படாத விதியாகிவிடும். புதிதாக வருபவர் விதியைப் படித்தால் மட்டும் போதாது, எல்லோருடைய தப்பையும் படிக்க வேண்டும். 2023-ல் இணைய வடிவமைப்பாளர்கள் ஆர்.எஃப்.சி. 9413-ல் இந்த ஆபத்தைப் பற்றி விரிவாகவே எழுதினார்கள்.

எஃப்.டி.பி.யிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் பட்டியலைக் கேட்கும் லிஸ்ட் கமாண்டுக்குப் பதில் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று 959 சொல்லவில்லை. சர்வருக்கு சர்வர் மாறலாம் என்று விட்டுவிட்டது. ஒருவர் யூனிக்ஸ் பாணியில் தந்தார், இன்னொருவர் டாஸ் பாணியில் தந்தார். மனிதர் படிக்க இது போதும். ஆனா சிங்க் சாஃப்ட்வேருக்கு எது புதிய ஃபைல், எத்தனை பைட், கடைசியாக எப்போது மாறியது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். எஃப்.டி.பி. வழியாக சிங்க் செய்யும் டூல்கள் பல வருஷம் சர்வரின் பட்டியலைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. தேதியில் வருஷம் இல்லை, நேரம் எந்த ஊர் நேரம் என்று தெரியாது. ஊகம் தப்பினால் புது ஃபைல் மேல பழைய ஃபைல் விழும். கம்ப்யூட்டர் படிக்கும்படியான பட்டியல் 2007-ல் தான் ஆர்.எஃப்.சி. 3659 வழியாக முறைப்படி வந்தது. சர்வர் தனக்கு என்னென்ன வசதி தெரியும் என்று சொல்லும் முறை 1998 ஆகஸ்டில் 2389 ஆக வந்தது.

ஆக, ஒரே ஆவணத்தில் இரண்டு பாடம். மூன்று இலக்கப் பதிலில் எதிர்காலத்துக்கு இடம் விட்டு, ஆனால் எல்லையைக் கட்டினார்கள். அது ஐம்பது வருஷம் தாண்டி நிற்கிறது. பட்டியலில் இடம் விட்டார்கள், எல்லை கட்டவில்லை. அது இருபது வருஷத்துக்கும் மேல தொல்லை கொடுத்தது. இடம் விடுவது வேறு, சொல்லாமல் விடுவது வேறு.

நோட்டு யாருடையது?

எண்களோடு பெயர்களும் போஸ்டெலிடம் வந்தன. பால் மொக்காபெட்ரிஸ் 1983-ல் டி.என்.எஸ். உருவாக்கியது போஸ்டெல் கொடுத்த வேலையாகத்தான். டாட் காம், டாட் எஜு முதலிய பெயர்களுக்கான விதிகளை 1984-ல் போஸ்டெலும் ரெனால்ட்ஸும் எழுதினார்கள். தொண்ணூறுகளில் இன்டர்நெட்டுக்குள் பணம் நுழைந்ததும் நிலைமை மாறியது. டொமைன் பெயர்கள் வியாபாரம் ஆயின. நோட்டை வைத்திருக்கும் ஒரு தாடிக்காரரின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று வக்கீல்களும் அரசும் கேட்கத் தொடங்கினார்கள். நியாயமான கேள்விதான். அந்த அதிகாரம் எந்தச் சட்டத்திலிருந்தும் வரவில்லை. எல்லோரும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

1998 ஜனவரி 28 அன்று போஸ்டெல் ஒரு மெயில் அனுப்பினார். உலகில் இருந்த 12 துணை ரூட் சர்வர்களில் 8-ஐ நடத்தியவர்களுக்கு. இதுவரை தகவல் எடுத்த இடத்தை விட்டுவிட்டு, ஐயானாவின் மெஷினிலிருந்து எடுங்கள் என்று கேட்டார். எட்டுப் பேரும் செய்தார்கள். அரசுத் தரப்பு அதிர்ந்தது. வெள்ளை மாளிகையில் இணையக் கொள்கையைக் கவனித்த ஐரா மேகசினர் தலையிட்டார். சில நாட்களில் எல்லாம் பழையபடி ஆனது. அது ஒரு சோதனை என்று போஸ்டெல் விளக்கினார். இன்டர்நெட் உடையவில்லை, யாருக்கும் எந்தப் பக்கமும் திறக்காமல் போகவில்லை. ஆனா ஒரு விஷயம் வெளிச்சமாச்சு. இவ்வளவு பெரிய அமைப்பு ஒரு மனிதர் மீதான நம்பிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நல்லவர் என்பது அதற்குப் பதில் இல்லை. அவருக்குப் பிறகு யார்?

அந்தப் பதிலைத் தேடுவதில்தான் அவருடைய கடைசி மாதங்கள் போயின. ஐகான் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 1998 செப்டம்பர் 30 அன்று பதிவானது. நோட்டை அங்கே ஒப்படைப்பதுதான் திட்டம். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கலால் லாஸ் ஏஞ்சல்ஸில் போஸ்டெல் காலமானார். வயது 55. பள்ளித் தோழர் விண்ட் செர்ஃப் எழுதிய இரங்கல் குறிப்பு ஆர்.எஃப்.சி. 2468 ஆக வெளியானது. போஸ்டெல் எடிட் செய்த வரிசையிலேயே அவருக்கும் ஒரு எண். 1999 முதல் இன்டர்நெட் சொசைட்டி அவர் பெயரில் விருது கொடுக்கிறது. எண்கள் மாறவில்லை. போர்ட் 21 மறுநாளும் 21-ஆகவே இருந்தது.

பேக்கேஜ் செய்பவர்களுக்கு

யூனிசன் கதைக்கு வருவோம். அங்கே கோடு மோசமில்லை, எழுதியவர்களும் திறமைசாலிகள். ஒயரில் போகும் வடிவத்துக்கு ஒரு சொந்தக்காரர் இல்லை, அதுதான் குறை. அது ஓகேமல் கம்பைலரின் வசம் இருந்தது. கம்பைலர் எழுதியவர்கள் யூனிசனுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால பேக்கேஜ் செய்பவர்கள் பெயரில் எண் சேர்த்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வருஷக்கணக்கில் சமாளித்தார்கள். போஸ்டெல் செய்த நோட்டு வேலையை வேறு வழியில்லாமல் அவர்கள் செய்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

நம்ம ப்ராஜெக்ட்ல ரெண்டு மெஷின் பேசிக்குதுன்னா, அது சின்ன மினி ப்ராஜெக்டா இருந்தாலும், கேட்க வேண்டிய கேள்விகள் சில. முதல் பைட்டில் வெர்ஷன் எண் இருக்கா? தெரியாத விஷயம் வந்தால் பழைய கிளையன்ட் என்ன செய்யும்? உள் வடிவத்தை அப்படியே ஒயரில் தள்ளுறோமா? ஒருமுறை பயன்படுத்திய எண்ணைத் திரும்பப் பயன்படுத்துறோமா? முக்கியமா, அடுத்த பேட்ச் வரும்போது அந்த நோட்டு யாரிடம் இருக்கும்?

லேப்ல ஒரு லினக்ஸ் மெஷின் கிடைத்தால் ஈ.டி.சி. ஃபோல்டருக்குள் சர்வீசஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்க. 21 எஃப்.டி.பி., 22 எஸ்.எஸ்.ஹெச்., 25 எஸ்.எம்.டி.பி. கொஞ்சம் கீழே போனால் 873, ஆர்சிங்க். 1972-ல் ஒரு கேள்விக்குறியோடு ஆரம்பித்த பட்டியல் அது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.